கழுத்தில் வைத்த ஈயம்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்கள் மேற்பார்வையாளர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "அண்ணே, புதுப் பசங்களுக்கு ஃபிரிட்ஜ் பத்தி நாலு விஷயம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். ஃபிரிட்ஜைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது? கம்பெனி கொடுக்கும் புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். அதைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவனுக்கு நான் எழுதிக் கொடுத்தாலும் அதுவும் தலைக்குத்தான் போகும். நான் எழுத வந்தது வேறு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். பம்பு ஸ்டவ்வின் கழுத்தில், அதாவது டாங்கியிலிருந்து பர்னருக்கு எண்ணெய் ஏறும் குழாயின் மேல்முனையில், ஈயம் வைத்துப் பற்றவைக்கக்கூடாது. அடி டாங்கியில் வைக்கலாம், அங்கே சூடு ஏறாது. கழுத்தில் வைத்தால் சூட்டில் நாளுக்கு நாள் இளகி, ஒரு நாள் விட்டுப்போய் எண்ணெய் தீயோடு பீய்ச்சி அடிக்கும். இதைச் சொல்லிவிட்டு, "கோபால் மாதிரி பண்ணிடாதே" என்று சேர்த்திருப்பார்கள். பட்டறையில் அதற்குப் பெயரே 'கோபால் ஈயம்' ஆகிவிட்டது. யார் அந்தக் கோபால் என்று உங்களில் யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள். கேட்டாலும் சொல்வதற்கு அங்கே அந்தக் காலத்து ஆள் எவரும் இல்லை.

அந்த ஈயத்தைக் கோபால் வைக்கவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஏன் ஆனது என்று படித்தால் என்னை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். போகட்டும். பென்ஷன் வாங்குகிற வயதில் யாருக்குப் பிடித்து என்ன ஆகப்போகிறது.

முப்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பட்டறை இருந்தது. கம்பெனி விற்ற பம்பு ஸ்டவ், திரி ஸ்டவ், ஐஸ் பெட்டி, தண்ணீர் ஃபில்டர், இறைச்சி அரைக்கும் மெஷின் எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது எங்கள் வேலை. ஆறு பேர் இருந்தோம். அதில் எனக்குத்தான் அனுபவம் அதிகம். என்னைவிட அந்த வேலை யாருக்கும் அதிகமாகத் தெரியாது என்று நான் நினைத்ததும் அதிகம்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பழுது பார்த்து முடித்ததும் டாங்கியின் அடியில் ஊசியால் நம் அடையாளத்தைக் கீற வேண்டும். என்னுடையது சிலுவை. ஒருவன் கீறிய ஸ்டவ்வை இன்னொருவன் அவனைக் கேட்காமல் தொடக்கூடாது. அதில் என்ன கெட்டாலும் கடைசியாகக் கீறியவன்தான் பதில் சொல்ல வேண்டும். முன்பு ஒரே ஸ்டவ்வில் இரண்டு பேர் கை வைத்துவிட்டு, அவன்தான் இவன்தான் என்று மானேஜர் முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டதால் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான்.

கோபால் எனக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தவன். கிள்ளான்காரன். ஒல்லியாக, அதிகம் பேசாதவன். அவன் அடையாளம் ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி. வந்த ஆறாவது மாதமே வீடுகளிலிருந்து வரும் சீட்டுகளில் 'கோபாலை அனுப்பவும்' என்று எழுதி வர ஆரம்பித்தது. முதல் சீட்டைப் பார்த்தபோது சிரித்தேன். பத்தாவது சீட்டில் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் காலையில் தபால் தட்டை எட்டிப் பார்ப்பதே எனக்கு ஒரு வியாதி ஆகிவிட்டது. என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவன் பெயர் எத்தனை என்றுதான் எண்ணினேன்.

அம்பாங்கில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா. ஸ்டவ் மஞ்சளாக எரிந்து படபடவென்று வெடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். துரைசானியிடம் விவரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நிப்பிளை மாற்றினேன், பர்னரைக் கழற்றிக் கரி சுரண்டினேன், பம்பு வாஷரைப் புதிதாகப் போட்டேன். நீலமாக எரிந்தது. இரண்டு நாளில் மறுபடியும் மஞ்சள். மறுபடியும் போனேன், மறுபடியும் மஞ்சள். மூன்றாம் முறை கோபாலை அனுப்பினார்கள். அவன் துரைசானியிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சமையல்காரரோடு அடுப்படியில் குந்திக்கொண்டு, "எண்ணெய் டின்ன எங்கண்ணே வைப்பீங்க?" என்று கேட்டிருக்கிறான். டின் கூரை ஒழுகும் இடத்தில், மூடியில்லாமல் இருந்திருக்கிறது. எண்ணெயில் மழைத் தண்ணீர். வேறு டின் எண்ணெய் ஊற்றினான், முடிந்தது. கால் மணி நேரம்.

சமைக்கிறவரை முதலில் கேள் என்பது அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. நான் எடுத்துக்கொண்டது அது இல்லை. அந்தத் துரைசானி மானேஜருக்கு டெலிபோன் போட்டு அவனைப் பாராட்டினாள் என்பதைத்தான் எடுத்துக்கொண்டேன். வயிறு எரிந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி பிலோமினாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். "என்னாச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், "அந்தப் புள்ள நல்லாதான் செய்யும்னு கோயில்ல கூட பேசிக்கிறாங்க" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

இதில் எனக்குப் பெரிய இடைஞ்சல் என்னவென்றால், அவன் என்னை 'அண்ணே, அண்ணே' என்று உண்மையான மரியாதையோடு கூப்பிடுவான். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வசதியையும் அவன் எனக்குக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மானேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கம்பெனி மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் விற்கப்போகிறது, அதைப் பழுது பார்க்கப் பழகிக்கொள்ள ஒருவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பப்போகிறோம் என்றார். மூன்று மாதப் பயிற்சி. திரும்பி வந்தால் அவர்தான் பட்டறைக்குத் தலைமை. யார் என்று மாதக் கடைசியில் சொல்வதாகச் சொல்லிவிட்டு, என்னை ஒரு தரம், கோபாலை ஒரு தரம் பார்த்தார். கோபாலை அரை நொடி அதிகமாகப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. தம்பிகளே, அந்த அரை நொடியை நான் எத்தனை நாள் மனதுக்குள் அளந்தேன் தெரியுமா?

அடுத்த வாரம் கேரித் தீவில் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகளுக்குப் புது ஸ்டவ்கள் பூட்டக் கோபால் போனான். பத்து நாள் வேலை. அவன் வழக்கமாகப் போகும் வீடுகளில் அவசரம் என்றால் நான் போக வேண்டும் என்று ஏற்பாடு. அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை ரோசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன்.

ரோசம்மா அக்கா எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர். புருஷன் ரயில்வேயில் கார்டாக இருந்து இறந்துபோனவர். குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறி, பக்கத்திலேயே ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆறு ரயில்வே ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்தார். விடியற்காலை வண்டிக்குப் போகிறவர்களுக்கு இடியப்பம், காப்பி எல்லாம் பம்பு ஸ்டவ்வில்தான். விறகு மூட்டினால் நேரத்துக்கு ஆகாது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் வீட்டு லேலோங்கில் ஏலம் எடுத்த ஐஸ் பெட்டி ஒன்றும் வைத்திருந்தார். மீன் கெடாமல் இருக்க அது. அந்தப் பெட்டியில் தண்ணீர் தேங்கி நாறுகிறது என்றுதான் ஆள் அனுப்பியிருந்தார்.

ஐஸ் பெட்டி வேலை லேசானது. ஐஸ் உருகி வடியும் குழாயில் பாசி அடைத்திருந்தது. கம்பியில் துணி சுற்றிக் குத்தி, சோடாக்காரம் போட்ட வெந்நீர் ஊற்றி, துத்தநாகத் தகட்டைத் தேய்த்துக் கழுவினேன். முடித்துவிட்டுக் கை கழுவத் திரும்பியபோது அடுப்பு மேடையில் ஸ்டவ்வைப் பார்த்தேன். அப்போதுதான் அணைத்திருந்தார். கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த கோடு. ஈயம்.

குனிந்து பார்த்தேன். துளித் துளியாக எண்ணெய் வியர்த்திருந்தது. மேடை விளிம்பில் தலையைச் சாய்த்து அடியைப் பார்த்தேன். வட்டம், நடுவே புள்ளி.

அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று கூட அப்படி வரவில்லை. கோபால், எல்லோரும் கேட்கும் கோபால், கழுத்தில் ஈயம் வைத்திருக்கிறான்! கேரித் தீவுக்குப் போகிற அவசரத்தில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறான் என்று நானே முடிவு கட்டினேன். அந்த ஈயம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. கோபால் பற்றவைத்தால் அரம் போட்டு வழவழவென்று விடுவான், ஒட்டு எங்கே என்று விரலுக்குக் கூடத் தெரியாது. இது எனக்குத் தெரியாதா? பட்டறையில் அவன் வேலையை என்னைப்போல் உற்றுப் பார்த்தவன் வேறு யாரும் இல்லையே. ஆனால் அன்று எனக்கு அந்த வட்டம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ரோசம்மா அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தோணி தம்பி, ரெண்டு நாளா ஸ்டவ்வுல லேசா எண்ண வாசன அடிக்குது. நீங்க ஒரு தடவ பாத்துருங்களேன்."

நான் சொன்ன பதில் இதுதான். "அது கோபால் கீறுன ஸ்டவ்வு அக்கா. நான் தொடக்கூடாது. பட்டற சட்டம்."

"கோபாலு எப்ப வரும்?"

"திங்கக்கெழம வந்துருவான்."

"அதுவரைக்கும் எரிக்கலாமா தம்பி?"

அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். நம் தொழிலில் வீட்டுக்காரர்கள் எத்தனையோ கேட்பார்கள், முக்கால்வாசி ஒன்றுக்கும் உதவாத கேள்விகள். உயிர் இருக்கிற கேள்வி எப்போதாவது ஒன்று வரும், அது இப்படித்தான் சாதாரணமாக வரும். நான் என் சாமான் பையைக் கட்டிக்கொண்டே, "அத அவன்தான் சொல்லணும் அக்கா" என்றேன்.

இரண்டு நாளில் இன்னும் கொஞ்சம் ஒழுகும், அக்கா பட்டறைக்குப் புகார் அனுப்புவார், மானேஜர் ஸ்டவ்வைப் பார்ப்பார், கோபாலின் பெயர் கெடும், மாதக் கடைசியில் சிங்கப்பூர் எனக்கு. இதுதான் என் கணக்கு. தீப்பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். இருபது பம்பு ஸ்டவ்வைத் தினமும் பிரித்துப் பூட்டுகிறவனுக்குக் கழுத்து ஈயம் என்ன செய்யும் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்ததை நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். தொடக்கூடாது என்றுதான் சட்டம் இருந்தது. வாயைத் திறக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. "எரிக்காதீங்க அக்கா" என்று இரண்டே வார்த்தை.

சனிக்கிழமை காலை பட்டறையைத் திறந்த கையோடு செய்தி வந்தது. முதல் இடியப்பத் தட்டை இறக்கும்போது கழுத்து விட்டுவிட்டது. எரிந்துகொண்டே எண்ணெய் பீய்ச்சியதில் அக்காவின் வலது கை, முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்திருந்த ஒருவர் கோணிச் சாக்கை நனைத்துப் போட்டு அணைத்ததால் பலகைச் சுவர் ஒன்றோடு போயிற்று. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்காகப் பயந்தது பாதி. அவர் வாய் திறந்தால் என் கதி என்ன என்று பயந்தது மீதி.

திங்கள்கிழமை கோபால் கேரித் தீவிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். மானேஜர் மேஜைமேல் அந்த ஸ்டவ் கரி பிடித்துக் கிடந்தது. அவர் அதைக் கவிழ்த்து வட்டத்தைக் காட்டினார், நிமிர்த்திக் கழுத்தைக் காட்டினார். கழுத்தில் உருகி வழிந்த ஈயம் அப்படியே உறைந்திருந்தது. கோபால் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"இது என் வேல இல்லீங்க சார்."

"அடையாளம் உன்னுடையதுதானே?"

"அடையாளம் என்னோடதுதான். ஈயம் என்னோடது இல்ல."

மானேஜர் என் பக்கம் திரும்பினார். அவர் தமிழில் பேச மாட்டார், மலாயிலும் இங்கிலீஷிலும் கலந்து கேட்டார். வியாழக்கிழமை நீ அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாய், அப்போது இந்த ஈயம் இருந்ததா என்று.

தம்பிகளே, இந்தத் தொழிலில் அவசர நேரம் என்றால் தீயையும் வெடிப்பையும்தான் நினைப்பீர்கள். எனக்கு அவசர நேரம் என்பது அந்த மேஜை முன்னால் நின்ற ஐந்து நொடிகள்தான். பார்த்தேன் என்று சொன்னால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். வேலை போகும். பிலோமினாவுக்கு ஐந்தாம் மாதம்.

"ஐஸ் பெட்டிக்குத்தான் போனேன் சார். ஸ்டவ்வ பாக்கல" என்றேன்.

கோபால் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டவ் சரியாக எரியாவிட்டால் எங்கே கோளாறு என்று பார்ப்பானே, அந்தப் பார்வைதான். மானேஜர் அவனுக்கு மறுநாள் காலை வரை நேரம் கொடுத்தார். வேறு யாரோ வைத்தது என்றால் அதை நிரூபித்துவிட்டு வா என்றார்.

அன்று மாலை அவன் ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்குத் தெரியும். எனக்கு எதுவும் ஓடவில்லை. அக்கா நடந்ததையெல்லாம் சொல்லப்போகிறார், காலையில் என் கதை முடிந்தது என்று இருந்தேன். பிலோமினாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துவிட்டேன்.

காலையில் கோபால் மானேஜர் அறைக்குப் போனான். கதவு திறந்துதான் இருந்தது. நான் வாசலருகே ஒரு பர்னரை வைத்துத் தேய்ப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன்.

"அடையாளம் என்னோடது சார். பொறுப்பும் என்னோடதுதான்" என்றான்.

அவ்வளவுதான். மானேஜர் அவனை வேலையை விட்டு நீக்கவில்லை. வீடுகளுக்குப் போகக்கூடாது, பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்து கரி சுரண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கு என் பெயரைப் படித்தார்.

எனக்கு எப்பேர்ப்பட்ட ஆறுதல் பாருங்கள்! ஆக, அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், ஈயம் வைத்தது அவன்தான், முதல் நாள் சொன்னதுதான் பொய், நான் சொன்னது அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொய். இப்படி நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மூன்று மாதம் நன்றாகத் தூங்கினேன்.

திரும்பி வந்து பட்டறைத் தலைமை ஆனேன். எனக்கு மகள் பிறந்தாள். எல்லோரும் பார்க்க வந்தார்கள், கோபாலும் வந்தான். குழந்தையின் கையில் ஒரு வெள்ளிக் காப்பைப் போட்டுவிட்டு, "நல்லா இருக்குதண்ணே" என்றான். குழந்தையைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தலைமைக்கு வந்துவிட்டேன் என்று பொருமுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

புதிதாக வருகிறவர்களுக்குக் கழுத்து ஈயத்தைப் பற்றிச் சொல்லும்போது, அவன் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அந்த வருஷம்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்தது வேறு யாரும் இல்லை, நான்தான். அவன் அதே அறையில் உட்கார்ந்து கரி சுரண்டிக்கொண்டிருப்பான். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். ஒரு வருஷம் பொறுத்துவிட்டு வேலையை விட்டான். கிள்ளான் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை போட்டு ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். அங்கே நல்ல கூட்டம் என்றும் கேள்விப்பட்டேன். அதைச் சொன்னவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரோசம்மா அக்கா வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. கை ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று, சாப்பாட்டுக்கு வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டோடு போய்விட்டார் என்று பிலோமினா சொன்னாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் கிள்ளானிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ரயில்வே குமாஸ்தா ஒருவர் கைமாறி வாங்கிய எண்ணெய் ஃபிரிட்ஜ் புகைகிறது, குளிரவில்லை என்று. போனேன். புகைபோக்கிக்குள் கரி கட்டியாக அடைத்திருந்தது, திரியும் கோணலாக வெட்டியிருந்தது. திரியைச் சீராக வெட்டி, கரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.

"அந்தோணி தம்பி தானே?"

திரும்பினேன். ரோசம்மா அக்கா. அந்தக் குமாஸ்தா அவருடைய தம்பியாம். வலது கையில் தோல் சுருங்கி, இரண்டு விரல் மடங்கியே இருந்தது. அந்தக் கையால்தான் எனக்குக் காப்பி கொண்டுவந்திருந்தார். நான் எழுந்து நின்றேன். "கை எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

"இருக்கு. புட்டு அவிப்பேன், இடியப்பம் மட்டும் புழிய முடியாது" என்றார். அப்புறம் சுவரோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். "நானும் தப்பு பண்ணேன் தம்பி. கழுத்துல ஒழுகுதுன்னு, பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவாரே, அவருகிட்ட குடுத்துட்டேன். கோபாலு ஊர்ல இல்ல. உங்கள கூப்பிடலாம்னுதான் நெனச்சேன். முந்தி ஒரு தடவ வந்தப்ப, எதுக்கு கோபாலு கோபாலுன்னு கேக்குறீங்கன்னு மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டுப் போனீங்க. அதான் பயந்துட்டேன்."

என் கையிலிருந்த கரித்துணி அப்படியே நின்றது. ஈயம் பூசுகிறவர்! பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற கையால் ஸ்டவ் கழுத்துக்கும் பூசிவிட்டார். அவருக்கு ஸ்டவ்வைப் பற்றி என்ன தெரியும்?

"இத கோபால்கிட்ட சொன்னீங்களா அக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கே சொன்னேனே. நீங்க வந்து பாத்துட்டு, தொடமாட்டேன்னு போனதையும் சொன்னேன். நான் வந்து மானேஜர்கிட்ட சொல்றேன்னுகூட சொன்னேன். கோபாலுதான் வேணாம்னுருச்சு."

"ஏன்?"

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஃபிரிட்ஜின் திரி விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க வந்து சொன்னா ஈயக்காரர் கதையோட அண்ணன் கதையும் வெளிய வந்துரும்க்கா, அண்ணனுக்கு வேல போயிரும், வீட்டுல அவங்க மாசமா இருக்காங்க, எனக்குப் போறது சிங்கப்பூர் மட்டுந்தானே, அப்படின்னுச்சு. ரொம்ப நேரம் அங்கேயே உக்காந்துக்கிட்டு இருந்துச்சு தம்பி. அதுக்கப்புறந்தான் சொல்லுச்சு."

மானேஜர் மேஜை முன்னால் எனக்கு ஐந்து நொடி. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவனுக்கு ஒரு மாலை நேரம். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் யோசித்திருக்கிறோம், பிலோமினாவின் வயிற்றிலிருந்த பிள்ளையை.

அழ வேண்டிய இடம் அது. அக்காவின் காலில் விழ வேண்டிய இடம். எனக்குள் என்ன வந்தது என்று உங்களிடம் மறைக்கப்போவதில்லை. பொறாமை வந்தது. முன்பு வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்னும்படி வந்தது. சீட்டில் அவன் பெயர் இருந்ததற்கு வயிறெரிந்தவன் நான், இப்போது அவன் மனதுக்கே வயிறெரிந்தேன். வேலையில் முந்தினான், பொறுத்துக்கொள்ளவில்லை. இதிலும் முந்திவிட்டானே. சிங்கப்பூர் என்னிடம், தலைமை என்னிடம், என் பிள்ளைக்கு அவன் போட்ட காப்புகூட என் வீட்டில். அப்படியும் அந்த அடுப்படியில் நின்றுகொண்டு, அவனாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

"கட இங்கதான் தம்பி, பாசார் தாண்டுனா நாலாவது. போயி ஒரு வார்த்த பேசிட்டுப் போங்க" என்றார் அக்கா.

போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாசார் முனை வரைக்கும் நடந்தேன். அங்கிருந்து பார்த்தால் கடை தெரிந்தது. வாசலில் மூன்று பெண்கள் ஸ்டவ்வை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் உள்ளே குனிந்து யாரிடமோ ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் திரும்பி நடந்து, கோலாலம்பூர் ரயிலைப் பிடித்தேன்.